கிரவுண்ட்ஹாக் டே படத்தில் பௌத்தம் எந்தக் காட்சியில் இருக்கிறது?

திரைவட்டம் கேட்டது:

நூலகத் திரைப்பட வட்டத்துக்காக "துக்கமும் விடுதலையும்" என்று இரண்டு ஞாயிறு அமர்வுகள் திட்டமிடுகிறேன். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். முதல் வாரம் ஹெரால்ட் ராமிஸின் கிரவுண்ட்ஹாக் டே (1993), அடுத்த வாரம் கிம் கி-டுக்கின் ஸ்பிரிங், சம்மர், ஃபால், விண்டர்... அண்ட் ஸ்பிரிங் (2003). முதல் படம் 101 நிமிடம், இரண்டாவது 103. ஆக, இரண்டு வாரமும் பேசுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். வருகிறவர்கள் பௌத்தம் படித்தவர்கள் இல்லை. பள்ளியில் மணிமேகலை வாசித்த அளவுதான்.

இணையத்தில் தேடினால் "ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் சம்சாரம், கடைசியில் வெளியே வருகிறான், அதனால் நிர்வாணம்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த படி. எந்தக் காட்சியை எந்தக் கருத்தோடு வைத்துப் பார்க்கலாம், எங்கே பொருந்தாது, ஏன் பொருந்தாது? பேச்சு எங்கே தடம் புரளும் என்பதையும் சொன்னால் நல்லது. மேட்ரிக்ஸையும் சேர்க்கச் சொல்லி சிலர் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

நிதானம்12 எழுதியது:

முதலில் அந்த "சம்சாரம்" சமன்பாட்டை ஓரங்கட்டுங்கள். அது பொருந்தவே பொருந்தாது. பௌத்தம் சொல்லும் பிறவிச் சுழலில் சாதாரண ஆளுக்கு முன்பிறவி நினைவு இருக்காது, ஆனால் வினை விடாமல் தொடரும். படத்தில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். நாயகன் ஃபில் பண வண்டியில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறான், காலை 6 மணிக்கு ரேடியோ அலறி அதே நாள் மறுபடி தொடங்கியதும் குற்றம் கழுவப்பட்டுவிடுகிறது. ஊரில் ஒருவருக்கும் எதுவும் நினைவில்லை, அவனுக்கு மட்டும் எல்லாம் நினைவில் இருக்கிறது. வினைப்பயன் நிறுத்தி வைக்கப்பட்ட உலகம் அது.

படத்தின் பயனும் அங்கேதான் இருக்கிறது. மாட்டிக்கொள்வோம் என்ற பயமில்லை, செலவில்லை, நாளை என்பதே இல்லை. இத்தனையும் கிடைத்த மனிதனுக்கு ஏன் நிம்மதி வரவில்லை? வெளிக் காரணங்களை எல்லாம் நீக்கியபின் மிச்சமிருப்பது வேட்கை ஒன்றுதான். அதைத் தனியே எடுத்துப் பார்க்கப் படம் வழி செய்கிறது.

புத்தரின் முதல் உரையாகக் கருதப்படும் தர்மசக்கரப் பிரவர்த்தன சூத்திரம் வேட்கையை மூன்றாகப் பிரிக்கிறது. காம வேட்கை, அதாவது புலன் இன்பத்துக்கான தாகம். பவ வேட்கை, இப்படி ஆக வேண்டும், இப்படியே இருக்க வேண்டும் என்ற தாகம். விபவ வேட்கை, இல்லாமல் போக வேண்டும் என்ற தாகம். மூன்றையும் இந்தப் படம் வரிசை மாற்றிக் காட்டுகிறது.

காம வேட்கை எளிது. உணவகத்தில் மேசை நிறையப் பலகாரம், திருட்டுப் பணம், நான்சி என்ற ஊர்ப் பெண்ணை ஏமாற்றிப் படுக்கைக்கு அழைப்பது. அதற்கடுத்து தற்கொலை வரிசை. கிரவுண்ட்ஹாக் என்னும் அணில் இனப் பிராணியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வண்டியோடு பள்ளத்தில் பாய்கிறான், குளியல் தொட்டியில் டோஸ்டரைப் போடுகிறான், லாரி முன்னால் போய் நிற்கிறான், மணிக்கூண்டிலிருந்து குதிக்கிறான். இதை "விரக்தி" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் அங்கே நிறுத்துங்கள். விபவ வேட்கையும் வேட்கைதான், அதனால் அதுவும் அவனை அதே 6 மணிக்கே கொண்டுவந்து விடுகிறது. ஆசையை விடச் சொல்கிற மார்க்கத்துக்கும் உயிரை விடத் துடிக்கும் மனத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க, வெகுஜனப் படங்களில் இதைவிடத் தோதான காட்சி எனக்குத் தெரியவில்லை. பௌத்தம் என்றால் வாழ்க்கை மறுப்பு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் இங்கேயே பதில் கிடைத்துவிடும். மூன்றாவது பவ வேட்கை. சாக முடியாது என்று தெரிந்ததும் உணவகத்தில் உட்கார்ந்து நாயகி ரீட்டாவிடம் தான் ஒரு கடவுள் என்கிறான்.

இனி நுணுக்கமான ஒரு இடம். பனிப்பந்து காட்சி. ரீட்டாவோடு ஒரு மாலை. பனி மனிதன் செய்கிறார்கள், குழந்தைகள் பந்து எறிகிறார்கள், இருவரும் சிரித்து விழுகிறார்கள். அந்த நேரம் உண்மையாகவே இனிக்கிறது. அடுத்த சுற்றில் அதே மாலையை மறுபடி வரவழைக்கப் பார்க்கிறான். அதே பந்து, அதே சிரிப்பு, ஆனால் எல்லாம் அவசரம், எல்லாம் நடிப்பு. அவளுக்குச் சங்கடம் ஆகிறது. பிறகு அறை மேல் அறை. மணிமேகலை பன்னிரு நிதானங்களை, அதாவது துக்கம் பிறக்கும் காரணச் சங்கிலியின் பன்னிரண்டு கண்ணிகளை, வரிசைப்படுத்தும்போது ஊறு (புலன் தொடுவது), நுகர்வு, வேட்கை, பற்று, பவம் என்று போகும். ஊறும் நுகர்வும் முதல் மாலை. வேட்கையும் பற்றும் இரண்டாம் மாலை. இந்தச் சங்கிலியில் கண்ணி அறுபடக்கூடிய இடம் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் என்று தியான மரபு வலியுறுத்தும். இனிமை வந்தது, போகட்டும் என்று விட்டிருந்தால் சங்கிலி அங்கேயே நின்றிருக்கும்.

துக்கத்தின் மூன்று வகைகளையும் காட்சிகளாகவே சொல்லிவிடலாம். தொல்லை கொடுக்கும் பழைய பள்ளித் தோழன் நெட்டிடமிருந்து தப்பி நடக்கும்போது குளிர்நீர்க் குட்டையில் கால் விடுவது துக்க துக்கம், நேரடி வலி. இனித்த மாலை 6 மணியோடு அழிவது விபரிணாம துக்கம், மாறிப்போவதால் வருவது. கேட்டதெல்லாம் கிடைத்தும் உள்ளே ஏதோ பொருந்தாமல் இருப்பது சம்ஸ்கார துக்கம். மூன்றாவதை விளக்கச் சிரமப்படுவீர்கள். பலகாரக் காட்சியில் அவன் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், சாப்பாட்டைப் பார்க்க வேண்டாம்.

மூன்றாம்_ரீல் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். திரைக்கதைப் பக்கமிருந்து சில.

கதையை எழுதிய டேனி ரூபினின் முதல் வரைவு சுழலின் நடுவில் தொடங்கியது. நாயகனுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும், பார்ப்பவருக்குத்தான் புரியாது. ராமிஸ் வந்தபின் முதல் நாளிலிருந்து தொடங்குவதாக மாறியது. இடையில் ஒரு வரைவில், கைவிடப்பட்ட காதலி சாபம் போட்டதால் நாள் திரும்புகிறது என்று காரணம் எழுதப்பட்டு, பிறகு தூக்கப்பட்டது. படத்தில் இப்போது காரணமே இல்லை.

இது பேச்சுக்கு நல்ல பிடி. உலகம் நிலையானதா, முடிவுள்ளதா என்று மாலுங்கியபுத்தர் என்ற சீடர் கேட்டபோது புத்தர் பதில் சொல்ல மறுத்து, நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவன் எய்தவனின் குலம் கோத்திரம் தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்று அடம்பிடிப்பதைச் சொன்னார் அல்லவா? சாபக் காரணம் படத்தில் இருந்திருந்தால் மொத்தக் கதையும் எய்தவனைத் தேடும் கதையாகியிருக்கும். அதை வெட்டியதால் ஃபிலுக்கு அம்பைப் பிடுங்குவதைத் தவிர வேறு வேலை இல்லை. "ஏன் இப்படி நடக்கிறது என்று படம் சொல்லவே இல்லையே" என்று அரங்கில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். பதிலை இப்போதே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபில் எத்தனை ஆண்டு சுழலில் சிக்கியிருந்தான் என்றும் கேட்பார்கள். ராமிஸ் ஒரு சமயம் 10 ஆண்டு என்றார், பிறகு 30, 40 ஆண்டு இருக்கும் என்றார். படத்தில் கிடைக்கும் ஒரே அளவுகோல் சீட்டுக்கட்டுக் காட்சி. தொப்பிக்குள் சீட்டு எறியக் கற்க ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம் வீதம் ஆறு மாதம் என்கிறான் ஃபில். அதை வைத்துப் பியானோவுக்கும் பனிச்சிற்பத்துக்கும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த விவாதத்தை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள், ஒரு மணி நேரத்தையும் தின்றுவிடும்.

நடத்தும் முறை. படத்தை முழுசாக, நிறுத்தாமல், முன்னுரை இல்லாமல் போடுங்கள். முன்னாலேயே நான்கு வாய்மைகளை (துக்கம், அதன் காரணம், நிவாரணம், மார்க்கம்) சொல்லிக்கொடுத்தால் பார்ப்பவர் ஒவ்வொரு காட்சியிலும் துக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார், சிரிப்பு வராது. சிரிப்பு வராவிட்டால் இந்தப் படத்தில் ஒன்றும் மிச்சமில்லை. பத்து நிமிட இடைவேளைக்குப் பிறகு ஆறு துண்டுகளை மட்டும் மறுபடி போடுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள்:

1. நெட், குட்டை
2. உணவகத்தில் பலகார மேசை
3. பனிப்பந்து, முதல் மாலையும் அடுத்ததும் அடுத்தடுத்து
4. மணிக்கூண்டு
5. தெருக் கிழவர் இறப்பது
6. மரத்திலிருந்து விழும் பையனைப் பிடிப்பது

துண்டுகளை முன்கூட்டியே வெட்டித் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அரங்கில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஓட்டினால் இருபது நிமிடம் வீணாகும். ஆளுக்கொரு தாள், நான்கு கட்டம்: என்ன நேர்ந்தது, எப்படி உணர்ந்தான், எதை விரும்பினான், எதைப் பிடித்துக்கொண்டான். பௌத்தப் பெயர்களைத் தாளில் அச்சடிக்க வேண்டாம். நிரப்பிய பிறகு நீங்களே கரும்பலகையில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று மேலே எழுதுங்கள்.

ஐந்தாவது துண்டைக் கூடுதலாகக் கவனியுங்கள். கிழவருக்குச் சூப் வாங்கிக் கொடுக்கிறான், மூச்சு ஊதுகிறான், எந்தச் சுற்றிலும் காப்பாற்ற முடியவில்லை. செவிலியரிடம் போய் மருத்துவக் குறிப்பைக் கேட்கிறான். சில சமயம் மனிதர்கள் செத்துத்தான் போவார்கள் என்கிறார் அவர். செத்த குழந்தைக்கு மருந்து கேட்டு வந்த கிசா கோதமியைச் சாவு நேராத வீட்டில் கடுகு வாங்கி வரச் சொன்ன கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அதை எடுத்துப் பக்கத்தில் வைக்கலாம். தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டவனுக்கு அந்தப் பட்டம் இங்கேதான் கழல்கிறது. படம் திரும்பும் இடம் இதுதான். எந்தக் காதல் காட்சியும் அல்ல.

கல்லெறி எழுதியது:

எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்தப் படம் வந்தபின் யூத ரபிகள், ஜெசுவிட் பாதிரிகள், யோகா ஆசிரியர்கள், உளப்பகுப்பாய்வாளர்கள் எல்லோரும் இது தங்கள் கருத்து என்று எழுதினார்கள். ராமிஸே இதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். 2003இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் சினிமாவும் இறைநம்பிக்கையும் பற்றி நடத்திய தொடரைத் தொடங்கி வைத்ததே இந்தப் படம்தான். எல்லோருக்கும் பொருந்தும் சட்டை யாருடைய அளவுக்கும் தைத்ததில்லை. ராமிஸுக்குப் பௌத்தத்தில் ஈடுபாடு உண்டு, ஐந்து நிமிடத்தில் பௌத்தம் என்று ஒரு மடிப்பு அட்டை தயாரித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதனால் படம் பௌத்தப் படம் ஆகிவிடாது.

முடிவைப் பாருங்கள். சுழல் உடைந்து விடிகிறது, பிப்ரவரி 3. படுக்கையில் ரீட்டா. முந்தின இரவு ஏலத்தில் அவள் தன் கணக்கில் இருந்த 339 டாலர் 88 சென்ட் முழுவதையும் கொடுத்து அவனை "வாங்கியிருக்கிறாள்". இந்த ஊரிலேயே வீடு எடுக்கலாம் என்கிறான். வேட்கை அற்றதால் விடுதலையா? இல்லை, நல்லவனாகிவிட்டான், ஆகவே கேட்ட பெண் கிடைத்தாள் என்ற பழைய ஹாலிவுட் கணக்கா? பரிசு கொடுத்து முடிக்கும் கதையில் பற்று எங்கே அறுந்தது?

போதிதர்மர் வந்தாலே பௌத்தம் வந்துவிட்டதாக நினைப்பதும் இதே ரகம். ஏழாம் அறிவு (2011) படத்தில் மருத்துவம் உண்டு, சண்டை உண்டு, நோக்குவர்மம் உண்டு. போதிதர்மரின் பெயரில் வழங்கும் உபதேசங்களில் ஒரு வரி உண்டா? காவி உடையும் மணியோசையும் இருக்கிறதா என்று பார்த்துப் படம் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

மேட்ரிக்ஸ் (1999) வேண்டாம் என்பது என் கருத்து. கரண்டி இல்லை என்று சொல்லும் சிறுவனை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு "மாயை" என்பார்கள். பேச்சு அத்வைதத்துக்குப் போகும், அங்கிருந்து பிளேட்டோவின் குகைக்குப் போகும், திரும்பி வராது. போதாக்குறைக்கு, விழிப்படைந்தவர்கள் பெட்டி பெட்டியாகத் துப்பாக்கியோடு மாளிகைக்குள் நுழைந்து காவலர்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். ஐந்து சீலங்களில் முதலாவதே கொல்லாமை.

நிதானம்12 எழுதியது:

கல்லெறி முடிவைப் பற்றிச் சொன்னதில் பாதி சரி. படம் நிர்வாணத்தைக் காட்டுகிறது என்று யாராவது சொன்னால் நானும் மறுப்பேன். ஆனால் பௌத்தத்தில் விடுதலை ஒரே தாவல் இல்லை, படிகள் உண்டு. பத்துத் தளைகளில் முதல் மூன்றை அறுத்தவர் சோதாபன்னர், நீரோட்டத்தில் இறங்கியவர். "நான்" என்ற நிலையான ஒன்று உண்டென்னும் பார்வை, மார்க்கத்தில் ஐயம், வெறும் சடங்குகளைப் பற்றிக்கொள்வது ஆகியவை அந்த மூன்று. காம விருப்பம் அவருக்கு இன்னும் மிச்சமிருக்கும். புத்தரின் இல்லறச் சீடர்களான அனாதபிண்டிகரும் விசாகையும் குடும்பத்தோடு வாழ்ந்தபடியே அந்த நிலையில் இருந்தவர்கள். ஃபில் அந்தப் படியிலும் நிற்கிறான் என்று நான் வாதாட மாட்டேன், அனாத்மா பற்றி அவனுக்கு ஒரு சொல்லும் தெரியாது. சொல்ல வருவது இவ்வளவுதான்: பெண்ணும் வீடும் இருப்பதாலேயே முடிவு பௌத்தத்துக்கு எதிரானது ஆகிவிடாது.

பரிசுக் கேள்விக்குக் கடைசி நாளை வரிசையாகப் பார்க்கலாம். மரத்துப் பையனைப் பிடிக்கிறான், பாட்டிமாரின் காரில் டயர் மாற்றுகிறான், தொண்டையில் இறைச்சி சிக்கியவரைக் காப்பாற்றுகிறான். எதுவும் நாளைக்கு நிற்காது என்று தெரிந்தே செய்கிறான். அந்தப் பையன் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை என்று கத்துகிறான் பாருங்கள், அந்த எரிச்சலையும் வைத்தது திரைக்கதையின் நேர்மை. கருணை இருக்கிறது, உபேட்சை, அதாவது எதிலும் சாயாத சமநிலை, இன்னும் முழுசாக வரவில்லை. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கில் கடைசிதான் எப்போதும் தாமதமாக வரும்.

மேட்ரிக்ஸை முழுசாகப் போட வேண்டாம், சரி. ஆனால் ஒரு துண்டு மட்டும் கேட்கிறேன்: கணினி உருவாக்கிய போலி உலகில் சைஃபர் என்ற பாத்திரம் மாட்டிறைச்சி சாப்பிடும் காட்சி. அது இல்லாத இறைச்சி என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதுதான் வேண்டும் என்கிறான், அதற்காக நண்பர்களைக் காட்டிக்கொடுக்கிறான். பேதைமை போனால் வேட்கை தானாகப் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு நிமிடம் போதும். பௌத்தம் ஞானத்தையும் மூன்றாகப் பிரிக்கும்: கேட்டதால் வந்தது, சிந்தித்ததால் வந்தது, பயின்றதால் வந்தது. சைஃபரிடம் முதலிரண்டு உண்டு, மூன்றாவது இல்லை.

திரைவட்டம் எழுதியது:

முதல் வாரம் தெளிவாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி. சைஃபர் துண்டைப் பலகாரக் காட்சிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

கொரியப் படம்தான் இப்போது பயமுறுத்துகிறது. மடமும் துறவியும் இருப்பதால் எல்லாமே பௌத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த நான்கு கட்டத் தாளே இதற்கும் போதுமா?

மலைமடம் எழுதியது:

கோடைப் பகுதிவரை போதும். இலையுதிர்காலத்தில் தாள் கிழிந்துவிடும், கிழியத்தான் வேண்டும். காரணம் கீழே.

முதலில் ஒரு தெளிவு. இது கொரியத் துறவு வாழ்வின் ஆவணம் அல்ல. குளம் நிஜம்: வட கியோங்சாங் மாகாணத்தின் சோங்சோங்கில் உள்ள ஜுசான்ஜி, 1720-21இல் பாசனத்துக்கு வெட்டியது. மிதக்கும் மடம் படத்துக்காகக் கட்டி, பிறகு பிரித்த செட். கொரிய சொன் (ஜென்) மரபுத் துறவிகள் கூட்டாக வாழ்பவர்கள். கோடையில் மூன்று மாதம், குளிர்காலத்தில் மூன்று மாதம் என மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து தியானிப்பார்கள். குளத்து நடுவே ஒரு குரு, ஒரு சீடன் என்பது இயக்குநரின் கற்பனை. கிழத் துறவியாக நடித்த ஓ யோங்-சுவை ஸ்குவிட் கேம் பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியும், அந்தச் சலசலப்பை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கோடைவரை பார்க்க வேண்டியது கதவு. மடத்துக்குள் படுக்கும் இடத்துக்கு ஒரு கதவு நிற்கிறது, சுவர் கிடையாது. சுற்றிக்கொண்டு போகலாம், ஆனாலும் குருவும் சீடனும் கதவு வழியாகத்தான் போகிறார்கள். சீலம் என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன காட்சி அபூர்வம்: யாரும் தடுக்கவில்லை, நானாகக் கடைப்பிடிக்கிறேன். சிகிச்சைக்கு வந்து தங்கிய பெண்ணிடம் போக, இளைஞன் ஒரு ராத்திரி கதவை விட்டுச் சுவரில்லாத பக்கமாக ஊர்ந்து போகிறான். அந்த ஒரு அசைவுக்கு வசனமே இல்லை. கட்டத் தாளில் வேட்கைக்கும் பற்றுக்கும் நடுவில் எழுத வேண்டியது அதுதான். பிறகு புத்தர் சிலையையும் சேவலையும் எடுத்துக்கொண்டு போகிறான். பற்றுக்குப் பின்னால் போகிறவன் முதுகில் புத்தரையும் சுமந்துகொண்டே போகிறான்.

இலையுதிர்காலம். மனைவியைக் கொன்றுவிட்டுக் கத்தியோடு திரும்புகிறான். வாய், மூக்கு, கண்ணெல்லாம் காகிதம் ஒட்டிக்கொண்டு சாக உட்கார்கிறான். குரு கட்டையால் வெளுக்கிறார். விபவ வேட்கை பற்றி நிதானம்12 சொன்னதை இங்கே நினைவுபடுத்தலாம். பிறகு குரு வெள்ளைப் பூனையின் வாலை மையில் தோய்த்து மேடைப் பலகை முழுக்க எழுதுகிறார். கொன்ற கத்தியாலேயே அவன் அதைச் செதுக்க வேண்டும். எழுதப்படுவது பிரக்ஞாபாரமிதா இருதய சூத்திரம், சீன மொழியாக்கத்தில் 260 எழுத்து.

வசன வரிகளில் அந்த எழுத்துகளின் பொருள் வராது. அரங்கில் இருப்பவருக்கு அது ஏதோ மந்திரமாகவே தெரியும். இதுதான் பெரிய இழப்பு. ஆகவே சூத்திரத்தின் சாரத்தை அரைப் பக்கத்தில் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள். அதில் என்ன இருக்கிறது? வடிவம் சூன்யம், சூன்யமே வடிவம். பேதைமை இல்லை, பேதைமையின் அழிவும் இல்லை. மூப்பு சாக்காடு இல்லை, அவற்றின் அழிவும் இல்லை. துக்கம் இல்லை, காரணம் இல்லை, நிவாரணம் இல்லை, மார்க்கம் இல்லை.

அதாவது நீங்கள் இரண்டு வாரமாகக் கரும்பலகையில் எழுதிவைத்த நான்கு வாய்மைகளையும் பன்னிரு நிதானங்களையும் ஒவ்வொன்றாக இல்லை என்று சொல்லும் நூலைத்தான் கொலைகாரன் விடிய விடிய செதுக்குகிறான். தாள் கிழியும் என்று சொன்னது இதைத்தான். இந்தச் சூத்திரம் சேர்ந்த மகாயான மரபு அந்த உண்மைகளைப் பொய் என்று தள்ளவில்லை. அவை ஒவ்வொன்றும் தனக்கென்று சுயமான இருப்பு கொண்ட பொருள் அல்ல, ஒன்றைச் சார்ந்தே ஒன்று நிற்கிறது என்கிறது. துக்கமே அப்படி என்றால் கொலைகாரன் என்பதும் அவனோடு உறைந்துபோன ஒன்று அல்ல. அவனைப் பிடிக்க வந்த துப்பறிவாளர்கள் கடைசியில் எழுத்துகளுக்கு வண்ணம் தீட்ட உதவுகிறார்கள். குற்றம் மறையவில்லை, காலையில் கைது நடக்கிறது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கோபம் தணிந்தது சூத்திரத்தின் பொருளாலா, செதுக்கும் உழைப்பாலா? அவனுக்கு அந்த வரிகள் புரிந்தனவா என்று படம் எங்கேயும் காட்டுவதில்லை. பேச்சு தானாக நீளும்.

குளிர்காலத்தில்தான் படத்தோடு எனக்கு வழக்கு. முகம் மூடிய ஒருத்தி தன் குழந்தையை விட்டுவிட்டு இருட்டில் போகும்போது, தண்ணீருக்காகச் சீடன் வெட்டிவைத்த பனிக்குழியில் விழுந்து இறக்கிறாள். அதன்பின் அவன் இடுப்பில் எந்திரக்கல்லைக் கட்டி, கையில் சிலையோடு மலை ஏறுகிறான். இடையிடையே, சிறு வயதில் அவன் கல் கட்டிய மீன், தவளை, பாம்பு காட்டப்படுகின்றன. பார்ப்பவர் எல்லோரும் "கர்மா" என்பார்கள். ஆனால் பாலி மொழிச் சூத்திரத் தொகுப்பான அங்குத்தர நிகாயம் தெளிவாகச் சொல்கிறது: எண்ணத்தையே வினை என்கிறேன் என்று புத்தர் கூற்று. கொல்லும் எண்ணம் இல்லாமல் வெட்டிய குழி கொலை வினை ஆகாது, துறவிகளின் ஒழுங்கு நூலான விநயத்திலும் அது பாராஜிகக் குற்றம், அதாவது சங்கத்திலிருந்து நீக்கும் குற்றம், ஆகாது. சிறுவன் சிரித்துக்கொண்டே மீனுக்குக் கல் கட்டியது வினை, பனிக்குழி வினை அல்ல. படம் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. கல்லுக்குக் கல் என்ற பழிக்குப் பழி அமைப்பும் பௌத்தத்தில் இல்லை. உப்புக் கட்டியைச் சிறு கிண்ணத்து நீரில் போட்டால் குடிக்க முடியாது, கங்கையில் போட்டால் தெரியவே தெரியாது என்பது சூத்திரம். செய்தவன் எவ்வளவு விரிந்திருக்கிறான் என்பதைப் பொறுத்துப் பயன் மாறும். காட்சியாகக் கல் சுமப்பது அபாரம், சித்தாந்தமாக அரைகுறை. இரண்டையும் அரங்கில் சொல்லிவிடுங்கள்.

கல்லெறி எழுதியது:

குரு படகில் தீ மூட்டிக்கொண்டு சாவதை விட்டுவிட்டீர்களே. சீடன் அதே காகிதத்தை ஒட்டியபோது அடித்தவர், தான் மட்டும் செய்யலாமா?

மலைமடம் எழுதியது:

அந்தக் கேள்வியை அரங்கிலும் கட்டாயம் கேட்பார்கள். இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளின் தேரவாதப் பார்வையில் அது ஏற்க முடியாத செயல். கிழக்காசிய மகாயானத்தில் தாமரைச் சூத்திரத்தின் பைஷஜ்யராஜர் அத்தியாயம் உடலை எரித்துக் காணிக்கையாக்குவதைப் போற்றுகிறது, அதைப் பின்பற்றிய துறவிகளின் வரலாறும் உண்டு. அங்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. படம் சீடனின் செயலைத் தப்பித்தலாகவும் குருவின் செயலை வேலை முடிந்தபின் கிளம்புவதாகவும் பிரிக்கிறது. உறைந்த படகில் அவர் எலும்புத் துகள்களைச் சீடன் தோண்டி எடுத்து, பனியில் செதுக்கிய புத்தரின் நெற்றியில் வைப்பது அதற்கு முத்திரை குத்துகிறது. அந்தப் பிரிவினை நியாயமா என்பதில் எனக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகாது என்று நினைக்கிறேன்.

திரைவட்டத்துக்கு நடைமுறை விஷயம் மூன்று. கொரியப் படத்தில் உடலுறவுக் காட்சிகள் உண்டு, அமெரிக்காவில் ஆர் சான்றிதழ். நூலகத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்றால் அந்த வாரம் பெரியவர்களுக்கு மட்டும் என்று அறிவிப்பிலேயே போடுங்கள். கிரவுண்ட்ஹாக் டேக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் தற்கொலைக் காட்சிகள் நகைச்சுவையாக வருவதால் தொடங்கும் முன் ஒரு வரி சொல்லிவிடுங்கள். இரண்டாவது, மீன், தவளை, பாம்பை வதைப்பது நிஜமாகத் தெரியும், சிலர் எழுந்து போகலாம். மூன்றாவது, படத்தில் வசனம் மிகக் குறைவு. ஒலி சரியில்லாத அரங்கில் தண்ணீர்ச் சத்தமும் பூச்சிச் சத்தமும் கேட்காமல் போய்விடும், மின்விசிறிகளைக் குறைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சூத்திரத் தாளைப் படத்துக்கு முன்னால் கொடுக்காமல் இடைவேளையில் கொடுங்கள்.